சுருள்வில்லும் நானும்

சுருள்வில் ஒன்றைக் கரும்பலகையிலே வரைவது மிக எளிது. வெண்கட்டியைச் சுழற்றிக்கொண்டே இடமிருந்து வலமாகப் போனாற் போதும். முப்பத்தொரு வருடங்கள் யாழ்ப்பாணத்திலே பௌதிகம் படிப்பித்த நான் அப்படி வரைந்த விற்கள் எத்தனையாயிரம் இருக்குமோ அறியேன். வில்லின் கீழே நிறைப்படியைத் தொங்கவிட்டு, நீட்சியை அளப்பித்து, வரைபுத்தாளிலே ஒரு நேர்கோட்டைக் கீறுவித்து, அக்கோட்டின் படித்திறனே வில்லின் மாறிலி என்று எழுதுவித்திருக்கிறேன். மாறிலியின் அரைவாசியை நீட்சியின் வர்க்கத்தாற் பெருக்கினால் வில்லிலே தேங்கிநிற்கும் சக்தி கிடைக்கும் என்பதை என் மாணவர் நித்திரையிலும் சொல்வர். ஆயினும், அத்தனை காலமும் என் கையிற் பட்ட வில் விற்றராசுக்குள்ளே கிடக்கும் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றுதான். மெய்யான வில்லை நான் சந்தித்தது, ஓய்வுபெற்று ஏழு வருடங்கள் கழிந்தபின், சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில், இலண்டனில், என் தங்கை வீட்டு வாசலிலே.

இலண்டனின் வடமேற்கே ஹரோ என்றொரு பகுதி. நம்மவர் பலர் குடியிருக்கும் இடம். அங்கேதான் தங்கை இருக்கிறாள். அவளுக்கு ஒரே மகன். அங்கேயே பிறந்து வளர்ந்தவன், கணினி வேலை, இருபத்துநாலு வயது. தமிழ் நன்றாகக் கதைப்பான், வாசிக்க வராது. அவனிடம் ஒரு கார் இருந்தது. 1992 ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட, அவனிலும் வயது கூடிய, செந்நிறமான மஸ்டா எம்.எக்ஸ்.-5. இருவர் மாத்திரமே இருக்கலாம். கூரையைக் கையாலே மடித்துப் பின்னே தள்ளலாம். கண்ணிமை திறப்பதுபோல முன்விளக்குகள் மேலெழும்பி வரும். "விளையாட்டுச் சாமான்" என்று தங்கை அதற்குப் பெயர் வைத்திருந்தாள். ஸ்போட்ஸ் கார் என்பதற்கு அதனினும் நேரான மொழிபெயர்ப்பை எந்த அகராதியிற் கண்டெடுக்கலாம்?

இந்த வகைக் கார் 1989 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்டது. 1960 களில் இங்கிலாந்திலே உலாவிய லோட்டஸ் எலான் முதலிய சிறு கார்களின் நினைவிலே யப்பானியர் செய்தது. குதிரையும் அதன்மேலிருப்பவனும் ஓருடலாதல் வேண்டும் என்று பொருள்படும் தங்கள் பழந்தொடர் ஒன்றை அவர்கள் இதற்கு இலட்சியமாக வைத்துக்கொண்டார்களாம். கார் மொத்தமாக ஆயிரம் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. நான்கு சில்லுகளையும் மேலொன்று கீழொன்றாக இரண்டிரண்டு கைகள் பற்றிக்கொண்டிருக்கின்றன. அக்கைகளுக்கு நடுவே சொக் அப்சோபரும், அதைச் சுற்றிய சுருள்வில்லும். 2016 ஆம் ஆண்டுக்குள் பத்து இலட்சம் கார்கள் செய்துவிட்டார்கள். குதிரைச் சவாரியின் ஆசை மனிதரை விட்டு நீங்கவில்லை போலும். எங்கள் ஊரிலும் மாட்டு வண்டிற் சவாரிக்கென்று இலேசான வண்டில் வேறு, நெல்லேற்றும் வண்டில் வேறு இருந்தனவல்லவா?

நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே மருமகன் என்னை வாசலுக்கு அழைத்துச் சென்று, முன்சில்லின் ரயருக்கும் அதன் மேலே கவிந்த தகட்டு வளைவுக்கும் இடையே தன் கைமுட்டியை நுழைத்துக் காட்டினான்.

"பாருங்கோ மாமா, எவ்வளவு இடம் சும்மா கிடக்குது. கார் கொக்கு மாதிரி நிக்குது. இதைப் பதிக்க வேணும்."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் பக்கத்திலே காரை உயர்த்தக் கண்டிருக்கிறேன், தாழ்த்தக் கண்டதில்லை. மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் ஏ-40 க்கும் பின்னாலே இருப்பவை தட்டுவிற்கள். சந்தைக்கு மூட்டையேற்றிப் போகிறவர்கள் அவற்றோடு இன்னுமொரு தகடு சேர்த்து உயர்த்திக்கொள்வார்கள். 1990 களில் பெற்றோல் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயிலே ஓடிய அந்தக் கார்கள், வெள்ளங் கடந்து பள்ளங் கடந்து போவதற்கு அந்த உயரமே துணை. உள்ள உயரத்தைக் காசு கொடுத்துக் குறைப்பது தலையை மொட்டையடிக்கக் கூலி கொடுப்பது போன்ற காரியம் என்றுதான் நினைத்தேன். இளந்தாரியின் அலங்கார ஆசை என்று மனத்துள்ளே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. இலண்டனிலே கோடை தொடங்கும்போது ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. பழக்கதோஷத்தாலே ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். கார் வளைவிலே திரும்பும்போது உட்பக்கச் சில்லுகளின் மீதுள்ள பாரத்தில் ஒரு பங்கு வெளிப்பக்கச் சில்லுகளுக்கு மாறுகிறது. மாறும் பாரம், காரின் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்திலிருக்கிறதோ அதற்கு நேர்விகிதம். இருபக்கச் சில்லுகளின் இடையகலத்துக்கு நேர்மாறு விகிதம். அகலத்தை நாம் மாற்றப்போவதில்லை. மையம் அரைமீற்றர் உயரத்திலே இருக்கிறதென்று வைத்துக்கொண்டு, காரை 3 சென்ரிமீற்றர் இறக்கினால், மாறும் பாரம் நூற்றுக்கு ஆறு குறைகிறது. ரயர் ஒன்றின் மீது பாரம் இரட்டித்தால் அதன் பிடி இரட்டிப்பதில்லை. ஆதலால் நான்கு ரயர்களும் பாரத்தைச் சமமாகப் பகிருமளவுக்கு மொத்தப் பிடி கூடும். நூற்றுக்கு ஆறு என்பது பெரிய இலாபமன்று. ஆனால், பொய்யுமன்று. பையனின் ஆசைக்குப் பின்னாலே ஒரு நியாயம் ஒளிந்திருந்தது. அவனுக்கே அது சரியாகத் தெரியாமலிருந்தது.

மறுநாட் காலை, எவ்வளவு இறக்க உத்தேசம் என்று கேட்டேன். "ஐஞ்சு சென்ரிமீற்றர்" என்றான். சில்லைச் சுற்றியுள்ள அந்த வெளி சும்மா கிடப்பதில்லை என்பதை அவனுக்கு விளக்க ஒரு முழுப் பின்னேரம் சென்றது. சொக் அப்சோபரின் தண்டிலே, வில்லின் நடுவே, கறுத்த இறப்பர்க் கட்டி ஒன்று இருக்கும். சில்லு மேடேறும்போது வில் ஒடுங்கும். ஒடுங்கி ஒடுங்கி இறுதியில் அந்த இறப்பரிலே போய் முட்டும். முட்டும் வரையுள்ள தூரமே சில்லு நடமாடும் முற்றம். காரை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவுக்கு முற்றத்தை அடைக்கிறோம். முற்றம் அடைபட்டபின் சில்லு மேடேறினால் வில் வேலை செய்யாது; இறப்பரே வில்லாகிவிடும். அதுவும் வளைவின் நடுவே நேர்ந்தால், அந்தச் சில்லின் மீது பாரம் திடீரென்று ஏறி, ரயர் பிடியை விட்டு வழுக்கும். அழகுக்காக மிகத் தாழ்த்திய கார் நேரே நிற்கும்போது சிங்கம், திரும்பும்போது நொண்டி. இந்தக் காரிலோ புதிதாக இருந்த காலத்திலேயே அந்த முற்றம் ஒடுக்கம். ஆகையாலேதான் குறுகிய வில்லைப் பழைய வில்லினும் சற்றுக் கடினமானதாகச் செய்கிறார்கள்: குறைந்த தூரத்துக்குள்ளே அதே அடியைத் தாங்கவேண்டுமல்லவா?

அவனுடைய சிநேகிதன் ஒருவன் வேறு வழி சொல்லியிருந்தான். புது வில்லுக்குக் காசைச் செலவழிப்பானேன், இருக்கிற வில்லிலே ஒன்றரைச் சுற்றை அறுத்து எறிந்தாற் போதாதா என்றானாம். அறுத்தால் வில் கடினமாகும் என்பது உண்மை. ஒரு வில்லைப் பாதியாக்கினால் ஒவ்வொரு பாதியின் மாறிலியும் இரட்டிக்கும் என்பது நான் பரீட்சைத்தாளில் எத்தனையோ முறை கேட்ட கேள்வி. ஆனால், பரீட்சைத்தாளிலே வராத பகுதி வேறு: அறுபட்ட நுனி தன் தட்டிலே சரியாகப் படியாது; சில்லு பள்ளத்திலே தொங்கும்போது, நீளம் போதாத வில் தளர்ந்து இடம்பெயரும். காய்ச்சி வளைத்து வில்லைப் படியவைப்போரும் உண்டாம். பதம்போட்ட உருக்கை நெருப்பிலே காட்டுவது, வயிரம் பாய்ந்த மரத்தைக் கறையானுக்குக் கொடுப்பதற்குச் சமானம். இரண்டும் வேண்டாம் என்றேன். ஈற்றிலே மூன்று சென்ரிமீற்றர் இறக்கும் வில் நாலும், அவற்றுக்கேற்ற சொக் அப்சோபர் நாலும், உயரம் குறைந்த இறப்பர்க் கட்டிகள் நாலும் வந்து சேர்ந்தன. வில்லை ஒடுக்கும் கருவி ஒன்றையும் மலிவாக வாங்கி வைத்திருந்தான்.

வேலை தொடங்குமுன் ஒரு கிழமை காத்திருந்தோம். குளிர்காலத்திலே பனிக்கட்டி உருகுவதற்காக அந்நாட்டுத் தெருக்களில் உப்புத் தூவுகிறார்கள். முப்பது குளிர்காலத்து உப்பு அந்தக் காரின் அடிவயிற்றிலே வேலை செய்திருந்தது. போல்ற் எது, சுரை எது என்று பிரித்தறிய முடியாதபடி துரு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வேலையால் வந்தவுடன் பையன் காரின் கீழே படுத்து ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விடுவான். நான் விளக்குப் பிடிப்பேன். அந்தக் கிழமையிலேதான் ஒருநாள் தனியாக நகரத்துக்குப் போய், 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீயின் ஞாபகமாக எழுப்பிய தூணைப் பார்த்தேன். 202 அடி உயரம், 311 படிகள். எண்ணிக்கொண்டே ஏறினேன், நடுவிலே இரண்டு முறை இருந்தேன். கிறிஸ்தோபர் றென்னுடன் சேர்ந்து அதை ஆக்கியவர் றொபேட் ஊக். வில்லுக்கு விதி சொன்ன அதே ஊக். தன் கண்டுபிடிப்பை வேறெவரும் தமதாக்கிக்கொள்ளாதபடி 1676 ஆம் ஆண்டிலே எழுத்துக்களைக் குழப்பி ஒரு புதிராக வெளியிட்டு, 1678 ஆம் ஆண்டிலே அப்புதிரைத் தாமே அவிழ்த்துச் சொன்ன மனிதர். முப்பத்தொரு வருடம் இவருடைய பெயரைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் இவர் கட்டிய படியிலே மூச்சுவாங்கி இருப்பது நியாயந்தான் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். வாசலின் சமதளத்தைப் பார்க்க நான் ஒரு கோலிக்குண்டை உருட்டினேன்; அது நின்றது. சில்லின் நடுவிலிருந்து மேல்வளைவு வரையுள்ள உயரத்தை நாலு மூலையிலும் அளந்து எழுதினோம், முன்னே 35.5 சென்ரிமீற்றர். சில்லுச் சுரைகளை நிலத்திலே நிற்கும்போதே இளக்கிவிட்டு, ஜக்கினாலே முன்பக்கத்தை உயர்த்தி, இரும்புத் தாங்கிகளின் மேலே காரை இருத்தினோம். ஜக் தூக்குவதற்கு மாத்திரம். அதை நம்பி ஒரு விரலையேனும் கீழே வைக்கக்கூடாது. இந்த விஷயத்திலே பையன் கவனமானவன். தாங்கியில் இருத்தியபின் காரைத் தோளாலே தள்ளி அசைத்தும் பார்த்தான்.

இடது முன்சில்லு மூன்று மணித்தியாலம் பிடித்தது. இயந்திர அறைக்குள்ளே மேலே இரண்டு சுரை. அவை இலகுவாக வந்தன. கீழ்ப் போல்ற்றும் வந்தது. மேற்கையைத் தாங்கும் நீண்ட போல்ற்தான் மறுத்தது. எண்ணெய், சுத்தியல், மீண்டும் எண்ணெய், பிறகு நீண்ட குழாயொன்றைப் பிடியிலே செருகி இருவரும் தொங்கியது. கடைசியிலே ஒரு முனகலோடு அது அசைந்தது. நெம்புகோலின் தத்துவத்துக்கு நான் மனத்துள்ளே ஒரு கும்பிடு போட்டேன். தடுப்பு எண்ணெய் ஓடும் குழாயிலே பாரம் விழாதபடி சில்லுத் தண்டைக் கம்பியாலே கட்டித் தொங்கவிட்டு, சொக் அப்சோபரையும் வில்லையும் ஒன்றாக வெளியே எடுத்தோம்.

இனி, வில்லைக் கழற்றும் விதம். வில் தன் இரு தட்டுக்களுக்கிடையே ஒடுங்கியே இருக்கிறது. மேலேயுள்ள ஒரேயொரு சுரைதான் அதைச் சிறைவைத்திருக்கிறது. ஆகவே, சுரையைக் கழற்றுமுன் வில்லை வேறொன்றினாலே பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ஒடுக்கும் கருவி. இரண்டு நீண்ட திருகுதண்டுகள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் கொளுக்கி. வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களிலே மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறிமாறித் திருகவேண்டும். இடதுபக்க வில்லை அப்படியே பொறுமையாக ஒடுக்கி, சுரையைக் கழற்றி, பிறகு அதேபோல மாறிமாறி இளக்கி விடுவித்தான். ஒரு சத்தமும் இல்லை. இருவரும் தேநீர் குடித்தோம். "பாத்தியளே மாமா, இவ்வளவுதான்" என்றான்.

வலதுபக்க வில்லிலே அந்த "இவ்வளவுதான்" வேலை செய்யத் தொடங்கியது. சுரையைக் கழற்றி, தட்டையும் எடுத்துவிட்டான். ஒடுங்கிய வில் கருவியோடு தனியே நிலத்திலே கிடந்தது. மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்ததால் அவசரம். ஒரு பக்கத்தைக் கடகடவென்று இளக்கினான். மறுபக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தான். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு வில்லின் உருவம் தெரிந்தது. நேரே இருக்கவேண்டியது வாழைப்பழம்போல வளைந்திருந்தது. எண்ணெய் பட்ட சுருளிலே கொளுக்கிகள் இரண்டும் மெல்ல மெல்ல ஒரே பக்கத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தன.

"தம்பி, விடு! எழும்பித் தள்ளி நில்!"

வகுப்பறையிலேகூட நான் அப்படிக் கத்தியதில்லை. அவன் திடுக்குற்று, திருகியைப் போட்டுவிட்டு எழுந்து இரண்டடி பின்னே வந்தான். "என்ன மாமா?" என்று கேட்டு முடிக்கவில்லை. வெடிச்சத்தம் போன்ற ஓர் ஓசை. வில் இருந்த இடத்திலே வில் இல்லை. கராஜின் தகரக் கதவிலே அடித்து, துள்ளி, பூஞ்சட்டி ஒன்றை உடைத்து, வேலியோரம் போய்க் கிடந்தது. கொளுக்கியொன்று மதிற்பக்கம் பறந்திருந்தது. கதவிலே, நெஞ்சு உயரத்தில், ஒரு குழி.

தங்கை குசினியிலிருந்து ஓடிவந்தாள். கையெல்லாம் மா. எங்களை அவள் ஏசவில்லை. மகனுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய உதடு அசைந்ததைக் கண்டேன். விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் பிறந்தபோது தாதி கையிலே கொடுத்தவுடனும் இப்படித்தான் எண்ணியிருப்பாள். பத்தும் இருப்பதைக் கண்டபின் ஒன்றுஞ் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். என்னை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு ஏன் உள்ளம் நடுங்கியது என்பதைச் சொல்லவேண்டும். முதல்நாள் இரவு, அதே காகிதத்தின் மறுபக்கத்திலே, இந்த வில்லையும் நான் கணக்கிட்டிருந்தேன். மில்லிமீற்றருக்கு 30 நியூற்றன் மாறிலியுள்ள வில்லைப் 10 சென்ரிமீற்றர் ஒடுக்கினால் விசை 3000 நியூற்றன். தேங்கிய சக்தி 150 யூல். பதினைந்து கிலோகிராம் நிறையுள்ள கல்லொன்றை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டால் வரும் சக்தி. விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டேன். போட்டுவிட்டு நித்திரையானேன். அந்தக் கல் என் மருமகனுடைய முகத்துக்கு முன்னாலே கிடக்கப்போகிறது என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. காலையிலே அவனிடம் அந்த எண்ணைச் சொல்லவும் இல்லை. சரியான விடையைக் கண்டபின் வேறென்ன வேலை இருக்கிறதென்று முப்பத்தொரு வருடம் எனக்கு நானே படிப்பித்திருக்கிறேன் போலும்.

மழை வந்தது. முன்பக்கத்துப் புது விற்கள் குறுகியவை. அவற்றைத் தட்டுக்களுக்கிடையே அமைக்கக் கையழுத்தமே ஏறத்தாழப் போதுமாயிருந்தது. பின்பக்கத்து இரண்டையும் கழற்றியபின், கருவியைத் தொடாமல், தங்கையின் காரிலே ஏற்றிக்கொண்டு அருகிலிருந்த திருத்தகம் ஒன்றுக்குப் போனோம். அங்கேயிருந்த முதியவரிடம் சுவரோடு பொருத்திய பெரிய ஒடுக்கி இருந்தது. வில்லை ஒரு கூட்டுக்குள்ளே வைத்துப் பூட்டி, நெம்புகோலை இழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்திலே முடித்துவிட்டார். இருபது பவுண் வாங்கினார். எங்கள் கதையைக் கேட்டபின், தம் இடக்கையை எங்கள் முன்னே நீட்டினார். நடுவிரலின் நுனி இருக்கவில்லை. அதைப்பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பூட்டினோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அவசரக்காரர் பலர் தவறவிடுவது. கைகளின் மூட்டுக்களிலே இறப்பர் உறைகள் இருக்கின்றன. அவை தேய்ந்து சுழல்பவையல்ல, முறுகி மீள்பவை. சில்லு காற்றிலே தொங்கும்போது போல்ற்றை இறுக்கிவிட்டால், கார் நிலத்துக்கு வந்தவுடன் அந்த இறப்பர் எந்நேரமும் முறுகியபடியே நிற்கும். சில மாதங்களிற் கிழியும். ஆதலால் போல்ற்றுக்களை இளக்கமாகவே விட்டு, காரை அதன் புதிய உயரத்திலே இருத்தி, அதன்பின்பே இறுக்கவேண்டும். கைநூலிலே சொன்ன முறுக்கத்தை அளக்கும் ஸ்பானராலே, நான் எண்ணைச் சொல்ல அவன் இறுக்கினான். முதல்நாளிலும் மெதுவாக. ஒவ்வொரு போல்ற்றையும் இறுக்கியபின், "அடுத்தது என்ன மாமா?" என்று கேட்டு, விடை வரும்வரை கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தான்.

அளந்தோம். முன்னே 32.5 சென்ரிமீற்றர், பின்னேயும் ஏறத்தாழ அதுவே. கைமுட்டி இப்போது நுழையவில்லை; நாலு விரல் நுழைந்தன. பக்கவாட்டிலே நின்று பார்த்தபோது, உண்மையைச் சொல்லவேண்டுமே, கார் அழகாகத்தான் இருந்தது. பாயுமுன் பதுங்கிய பூனைபோல இருந்தது.

உயரம் குறைந்தவுடன் சில்லுகளின் சாய்வும் திசையும் மாறிவிடும். மேற்பக்கம் உள்ளே சாயும். அது சிறிதளவு நன்மையே. ஆனால் இரு சில்லுகளும் நேர்முகமாகப் பாராமல் விலகி நின்றால் ரயரின் உள்விளிம்பு சில ஆயிரம் மைலிலே தேய்ந்துபோகும். நல்லவேளையாக இந்தக் காரிலே நாலு சில்லுக்கும் சாய்வைத் திருத்த மையம் விலகிய போல்ற்றுக்கள் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அதற்கான கடையிலே கொடுத்துச் சரிபார்த்தோம். காப்புறுதிக்காரருக்கும் அறிவித்தான். அந்நாட்டிலே காரிலே இப்படி மாற்றஞ் செய்தால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டு விபத்து நேர்ந்தால் பணம் கிடைக்காமற் போகலாம். கட்டணம் கொஞ்சம் கூடியது.

தங்கை அந்தக் காரிலே ஏறமாட்டேன் என்று நாலு நாள் சொன்னாள். ஐந்தாம் நாள் கடைக்குப் போக வேறு வழியில்லாமல் ஏறினாள். "இன்னும் பதிச்சிருந்தால் தவண்டுதான் ஏற வேணும்" என்றாள். அதுதான் அவள் அந்த விஷயத்தைப்பற்றி வாய்திறந்து சொன்ன முதல் வார்த்தை. அவர்கள் தெருவிலே வேகத்தைக் குறைக்கவென்று மூன்று மேடுகள் கட்டியிருக்கிறார்கள். நான் வாசலிலே நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். முதல் மேடு, இரண்டாவது, மூன்றாவது. இறப்பரிலே முட்டும் ஓசை வரவில்லை. கராஜ் கதவின் குழியைத் தட்டி நிமிர்த்திவிடுவதாக மகன் சொன்னபோது அவள் வேண்டாமென்று தடுத்துவிட்டாளென்று பிறகு அறிந்தேன்.

திரும்பும்போது அந்தப் பழைய வில்லைப் பெட்டியிலே வைத்துக்கொண்டு வந்தேன். கட்டுநாயக்காவிலே சுங்க உத்தியோகத்தர் அதை எடுத்து மேசையிலே வைத்து, இது என்னத்துக்கு என்று கேட்டார். படிப்பிக்க என்றேன். என் நரைத்த தலையையும் வில்லையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்.

சென்ற மாதம், என்னிடம் படித்து இப்போது ஆசிரியராயிருக்கும் ஒருவர் தம் வகுப்புக்கு வந்து கதைக்கும்படி அழைத்தார். வில்லைக் கொண்டுபோய் மேசையிலே நிறுத்தி, யார் இதைக் கையாலே ஒடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். முன்வரிசைப் பையன்கள் நால்வர் ஒருவர்பின் ஒருவராக வந்து அழுத்தினர். ஒருவராலும் ஒரு சென்ரிமீற்றர் தானும் ஒடுக்க முடியவில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒரு பருத்த பையன், அறுபது கிலோவாம், வில்லை நிலத்திலே வைத்து அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, இரு தோழர் கைபிடிக்க ஏறி இருந்தான். ஒருத்தி அடிமட்டத்தாலே அளந்தாள். இரண்டு சென்ரிமீற்றர். வகுப்பு சிரித்தது.

"இன்னும் எட்டுச் சென்ரிமீற்றர் ஒடுக்கவேணும்," என்றேன். "ஒடுக்கினபிறகு அதற்கு முன்னாலே யார் நிற்கப்போகிறியள்?"

சிரிப்பு நின்றது. பருத்த பையன் மெதுவாக இறங்கி, வில்லின் நேரே நில்லாமல், சற்று விலகிப் பக்கத்திலே போய் நின்றான்.